என் மூக்குப் போன தேதி

கை நடுங்குகிறவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். கடுகண்ணாவையில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் போதும், யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "முதுகுல ஊசி குத்தி தண்ணி எடுத்தாங்களாமே சேவியர், ரொம்ப வலிச்சதா?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. அதுவும் இந்த நோயின் வேலைதானாம். என் மனைவி ஜசிந்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் திருப்பி எழுதிக் கொடுக்கிறாள்.

ஊசி அவ்வளவு வலிக்கவில்லை. அதை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சத்தை நான் எழுதுவது எனக்கே வெட்கமான ஒரு காரியத்துக்காக. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தெய்வானை என்று ஒரு தொழிலாளிப் பெண் இருக்கிறாள். செய்யாத குற்றத்தை அவள் தலையில் போட்டு அவள் பெயரைக் கெடுத்தவன் நான். ஏழு வருஷம் அதை மூடி வைத்திருந்தேன். கண்டி ஆஸ்பத்திரியில் என் முதுகிலிருந்து நீர் எடுக்கப் போன இடத்தில்தான் அது வெளியே வந்தது. கெடுத்த பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதுதான் இனி நான் சொல்லப் போவது.

முதலில் வலது கைப் பெருவிரல் ஆடியது. சும்மா வைத்திருந்தால் ஆடும், எதையாவது பிடித்தால் நின்றுவிடும். பிறகு சட்டைப் பொத்தான்கள் என்னோடு பகைத்துக்கொண்டன. ஒரு சட்டை போடுவதற்குள் ஜசிந்தா இரண்டு பேருக்குச் சமைத்து முடித்துவிடுவாள். கிளினிக்கில் பெரிய டொக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார், கையைப் பிடித்து மடக்கி நீட்டினார். "பார்க்கின்சன் மாதிரித்தான் இருக்கு" என்றார்.

அந்த 'மாதிரி' என்னை அரித்தது. எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். மூளைக்குள் டோபமின் என்று ஒரு பொருள் ஊறுகிறது. கைகால் ஒழுங்காக அசைய அது வேண்டும். அதை ஊற வைக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதுதான் பார்க்கின்சன். ஆனால் அதற்குச் சொந்தக்கார நோய்கள் சில உண்டு. ஒன்றில் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இன்னொன்றில் ஆள் அடிக்கடி மல்லாக்க விழுவார், கண் கீழே பார்க்காது. தொடக்கத்தில் எல்லாம் ஒரே முகமாகத்தான் இருக்கும். எது என்று சரியாகத் தெரிய வருஷக்கணக்காகுமாம். ஆகவே ஸ்கேன் எடுக்கவும், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்கவும், மாத்திரைக்குக் கை கேட்கிறதா என்று பார்க்கவும் நான்கு நாள் வார்டில் தங்கச் சொன்னார்கள்.

அங்கேதான் டொக்டர் துஷ்யந்தி வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. ஒரு ஆராய்ச்சிக்காக ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மூளையையும் முள்ளந்தண்டையும் சுத்தி ஒரு நீர் ஓடுது ஐயா. வீட்டுக்குள்ள என்ன சமைக்கினம் எண்டு பின்பக்கத்துக் கானில ஓடுற தண்ணியைப் பார்த்தே சொல்லலாம்தானே? அது மாதிரித்தான். மூளைக்குள்ள நடக்கிறதின்ர மிச்சம் அந்த நீரில வரும். அல்ஃபா சினுக்ளீன் எண்டொரு புரதம் இருக்கு. அது பிழையா மடிஞ்சு கட்டிகட்டியாச் சேருறதை பார்க்கின்சன்ல காணலாம். வேற நோயில வேற புரதங்கள். எதைப் பார்த்தா எந்த நோய் எண்டு தொடக்கத்திலேயே பிடிக்கலாம் எண்டுதான் தேடுறம்."

"கண்டுபிடிச்சா எனக்குக் குணமாகுமா டொக்டர்?"

"இல்லை ஐயா. உங்களுக்கு நேரா ஒரு நன்மையும் வராது. பொய் சொல்ல மாட்டன். பிறகு வாற ஆக்களுக்கு உதவும். விருப்பமில்லாட்டி விடுங்கோ, உங்கட வைத்தியத்தில ஒண்டும் குறையாது."

நான் உடனே கையெழுத்துப் போட்டேன். ஊருக்கே உபகாரம் செய்கிற பெரிய மனுஷன் என்று அந்த நேரம் எனக்குள் ஒரு பெருமை. ஜசிந்தாவும் அப்படித்தான் நம்பி என் தோளைத் தடவிக் கொடுத்தாள். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணைப் பக்கத்து ஹமீத் நானா. துணிக்கடை வைத்திருந்தவர். மூன்று வருஷமாக பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை விழுங்கியவர். மாத்திரை கேட்கவில்லை, மல்லாக்க விழுந்து விழுந்து பின்மண்டையில் தழும்பு. தட்டில் இருக்கிற சோற்றை அவரால் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க முடியாது. இப்போது அது வேறு நோய் என்கிறார்கள். முன்னமே தெரிந்திருந்தால் அவர் இத்தனை தடவை விழுந்திருக்க மாட்டார். அவரும் நீர் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். டொக்டர் துஷ்யந்தி கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் கேட்க, இவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

"எழுதிக்கோங்க டொக்டர், மூத்திரம் எனக்குத் தெரியாமலே போகுது. ராவைக்கு மட்டுமில்ல, பகல்லயும்தான்."

"மெல்லமாச் சொன்னாலே போதும் நானா."

"வெக்கப்பட்டு என்ன செய்ற? நான் பொய் சொன்னா, நீங்க எடுக்கிற தண்ணியும் சேர்ந்து பொய் சொல்லுமே!"

இதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் நான் என் பொய்யைச் சொன்னேன். அதுதான் வேடிக்கை.

என் முறை வந்தது. மலச்சிக்கல் உண்டா? உண்டு. தூக்கத்தில் கத்துவது, கைகாலை வீசுவது? நான் வாயைத் திறப்பதற்குள் ஜசிந்தா, "போன மாசம் என் கன்னத்துலயே ஒண்ணு விழுந்துச்சு டொக்டர்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு டொக்டர் என் கண்ணை மூடச் சொல்லிச் சின்னச் சின்னக் குப்பிகளை மூக்கருகில் பிடித்தார். கராம்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், சவர்க்காரம். எனக்கு எல்லாமே வெறும் காற்று.

"ஒண்டும் தெரியேல்லையோ? எப்ப இருந்து ஐயா?"

நான் மூக்கைத் தேய்த்துக்கொண்டேன்.

"கொரோனாவுக்குப் பிறகோ?"

"ஆமா டொக்டர். கொரோனாவுக்குப் பிறகுதான்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். அவரே எடுத்துக் கொடுத்தார், நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கொரோனா என்ற சொல்லை உலகம் கேள்விப்படுவதற்குப் பல காலம் முன்பே என் மூக்குச் செத்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அப்போது நான் தோட்டத்து பெக்டரியில் டீமேக்கர். தொழிலைக் கேட்டபோது அதை முதலிலேயே சொல்லியிருந்தேன்.

தேயிலைத் தூள் காய்ச்சும் வேலையில் மூக்குத்தான் எல்லாம். வாட்டிய கொழுந்தை ரோலரில் அரைத்து, மேசையில் பரப்பிப் புளிக்க விடுவோம். பச்சை வாடை மெல்ல மெல்ல விலகி, பழுத்த ஆப்பிள் மாதிரி ஒரு வாசனை எழும். எழுந்த நேரத்திலேயே அடுப்புக்குத் தள்ள வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சாரம் போய்விடும். மணிக்கூடு ஓரளவுக்குத்தான் உதவும். வெயில் நாளுக்கு ஒரு நேரம், மூடுபனிக்கு ஒரு நேரம். கையால் அள்ளி முகர்ந்து பார்த்து "சரி, எடு" என்று சொல்கிறவன்தான் டீமேக்கர். என்னை அந்தப் பகுதியில் மூக்குக்காரர் என்றே சொல்வார்கள்.

அந்த மூக்குப் போனதும் நான் லீவு போட்டு டொக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்தேன். புளிக்கிற மேசையில் தூளைப் பரப்புகிறவள் தெய்வானை. நான் ஒரு பிடி அள்ளி மூக்கருகில் வைத்து, முகத்தைச் சுளித்து, "என்ன தெய்வானை, நீ என்ன சொல்ற?" என்பேன், ஏதோ அவளுக்குப் பரீட்சை வைக்கிறவன் போல. அவள் குனிந்து முகர்ந்து, "இன்னும் பச்ச வாடை இருக்குங்கையா" என்பாள். அல்லது, "இப்ப எடுத்துரலாங்கையா." நானும், "ம், சரியாச் சொன்ன" என்று தலையாட்டுவேன். ஒரு வருஷம் முழுக்க அவள் மூக்கை வைத்து நான் சம்பளம் வாங்கினேன். கொழும்பிலிருந்து தூளைப் பாராட்டி அறிக்கை வந்தபோது தோட்டத்து மனேஜர் துரை என் முதுகில் தட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் மகளுக்குக் காய்ச்சல். "டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு அரை மணியில வந்துர்றேங்கையா" என்று கேட்டாள். போகச் சொன்னேன். சிட்டு எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னதுதான். நல்ல வெயில். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டும் தூளை மூக்கில் அப்பிக்கொண்டும் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குக் காய்ச்சியது அத்தனையும் பாழ். விசாரணையில் துரை என்னைக் கேட்டார். "தெய்வானையைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ரோலர் பக்கம் போயிருந்தேன் சேர். திரும்பி வந்தா ஆளைக் காணல. எங்கேயோ போய்ப் படுத்துத் தூங்கியிருக்கா" என்றேன்.

"ஐயாதானே போகச் சொன்னீங்க?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் சொல்லல" என்றேன்.

அவ்வளவுதான். டிஸ்பென்சரியில் யாரும் போய் விசாரிக்கவில்லை. அவளை பெக்டரியிலிருந்து எடுத்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போட்டார்கள். அவளுக்கு முழங்கால் வருத்தம் இருந்தது துரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும், வேலை நேரத்தில் தூங்கியதற்குத் தண்டனை என்று வாசித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் தூங்குமூஞ்சி. அவள் இடத்துக்கு வந்தவளிடமும் நான் வெட்கமில்லாமல், "நீ என்ன சொல்ற?" என்றே ஓட்டினேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த நாளில் மாலை போட்டு என் மூக்கைப் புகழ்ந்து பேசினார்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் "பொய் சொன்னேன்" என்று மொத்தமாகச் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரத்தோடு தப்பித்து வந்தேன். இந்த லட்சணத்தில்தான் ஆராய்ச்சிக்கு உதவப் போனேன்.

மறுநாள் காலை நீர் எடுத்தார்கள். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சில் முட்டும்படி சுருண்டுகொள்ள வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே முதலில் இடம் மரத்துப்போக ஒரு விறைப்பூசி, அது மட்டும் சுருக்கென்றது. அதற்குப் பிறகு பெரிய ஊசி. தண்டு நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள், ஆகவே கால் விளங்காமல் போகும் என்ற பயம் வேண்டாம். அமுக்குவது தெரியும், வலி தெரியாது. நீர் சொட்டுச் சொட்டாக விழுவதை ஜசிந்தாதான் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்ததாம். "நல்ல சுத்தமா இருக்கு ஐயா, ஒரு துளி இரத்தமும் கலக்கேல்லை" என்று டொக்டர் சந்தோஷப்பட்டார். இரத்தம் கலந்தால் அதிலுள்ள புரதமும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடுமாம். புரதம் ஒட்டிக்கொள்ளாத குழாய் என்று தனியாக வைத்திருந்தார்கள், எடுத்த கையோடு ஐசில் வைத்துக் கொண்டு ஓடினார்கள். எத்தனை கவனம்! ஒரு துளி அழுக்குப் படாமல் அவர்கள் காப்பாற்றிக் கொண்டுபோன நீரோடு என் பொய்யும் ஒரு தாளில் ஒட்டிக்கொண்டு போனது.

பிறகு மல்லாக்கப் படுத்திருந்தேன். எழுந்தால் தலை பிளக்கும். நீர் குறைந்த இடம் நிரம்பும் வரை சிலருக்கு அப்படித்தான், நிறையத் தண்ணீரும் தேத்தண்ணீரும் குடித்தால் தீரும் என்றார்கள். ஜசிந்தா கரண்டியால் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்த டொக்டர் புள்ளைகிட்ட மூக்கு கொரோனாவுக்கு அப்புறம்னு சொன்னீங்களே. கொரோனா எனக்குத்தானே வந்துச்சு? உங்களுக்கு ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தும் இல்லன்னாங்க. அதுக்கும் முன்னாடி, தோட்டத்துக் குவார்ட்டர்ஸ்ல காஸ் லீக்காகி நான் ஓடி வந்து மூடுனேனே, நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. மறந்துட்டீங்களா? நான் போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரு! யாரு உன்னைக் கேட்டா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவளை நான் அப்படி ஏசியதில்லை. அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். "சரி, கத்தாதீங்க. தலை வலிக்கும்" என்று சொல்லி என் போர்வையைச் சரிசெய்தாள். கோப்பையைக் கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

"நல்ல மனுசி. ஏன் ஏசின?" என்றார் ஹமீத் நானா. கூரையைப் பார்த்தபடி கிடந்தார், அவருக்கு அதுதான் வசதி. நான் அழுதேன். படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பின்னேரம் டொக்டர் துஷ்யந்தி தலைவலி எப்படி என்று பார்க்க வந்தார். ஜசிந்தா கதிரையில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"டொக்டர், அந்தத் தாள்ல ஒண்ணு மாத்தணும். மூக்கு கொரோனாவால போகல. அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு."

அவர் கோபிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "நல்ல காலம் சொன்னீங்கள் ஐயா. இந்த நோய் சில பேருக்கு மூக்கிலதான் முதல் காலடி வைக்கும், கை நடுங்கிறதுக்குப் பல வருஷம் முந்தியே. கொரோனா எண்டு விட்டிருந்தா உங்கட நீரை வேற கணக்கில போட்டிருப்பம்." எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நீங்கள் டீமேக்கர் எண்டுதானே சொன்னீங்கள்? மணம் தெரியாமல் எப்பிடி அந்த வேலை பார்த்தனீங்கள்?"

வந்தது கேள்வி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தெய்வானையின் மூக்கு, வெயில் நாள், விசாரணை, "நான் சொல்லல", பெரட்டுக்களம். கூரையைப் பார்த்தே சொன்னேன், ஜசிந்தாவின் பக்கம் திரும்பத் தைரியமில்லை. அந்தத் தோட்டத்தில் இருந்த காலத்தில் தெய்வானை வீட்டு மரவள்ளிக்கிழங்கை வாங்கி அவித்துக் கொடுத்தவள் அவள். "அந்தப் பொண்ணா தூங்குனா, நம்பவே முடியலையே" என்று அன்றைக்கே சொன்னவளும் அவள்.

டொக்டர் தாளைப் புரட்டி மூக்குப் பற்றிய பக்கத்தை எடுத்தார். பிறகு, "எப்ப தொடங்கினதெண்டு சரியாத் தெரியுமோ?" என்றார். தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, நானே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். "அப்ப பக்கத்தில இருந்த ஆரையும் கேட்டுச் சொல்லேலுமோ? வடிவாத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருக்கினமோ?"

"தெய்வானை இருக்கா" என்றாள் ஜசிந்தா.

அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். உடம்பு துடைத்துவிட்டாள், மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள், என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் அப்படியே. ஸ்கேனில் வேறொன்றும் இல்லை, மாத்திரைக்குக் கை கேட்கிறது, பார்க்கின்சன்தான் போல என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல செய்திதான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவள் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, "போன்ல கேக்குற விசயமா இது? கெளம்புங்க" என்றாள்.

கண்டிக்குப் போய் ஹேவாஹெட்ட பஸ் எடுத்தோம். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களில் எல்லாரும் வீட்டில் இருந்த நேரம். தெய்வானைக்கு முடி நரைத்துவிட்டது, முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பிளாஸ்டிக் கதிரையை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "வாங்கையா, உக்காருங்க. அம்மா, நீங்களும் வாங்க." அந்த மரியாதைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

கோழை நான். முதலில் தேதியைத்தான் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எம்மக பெரிய மனுசியாகி தண்ணி ஊத்துன மறுவாரங்கையா. நீங்க ரெண்டு கையாலயும் தூளை அள்ளி மூஞ்சில அமுக்கிக்கிட்டு நின்னீங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. ஐயாவுக்கு மூக்கு போயிருச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். மறுநாள்தான் 'நீ என்ன சொல்ற'ன்னு கேட்டீங்க."

"தெரிஞ்சுமா சொல்லிக் கொடுத்த? விசாரணையில நீ ஏன் அதைச் சொல்லல?"

"சொன்னா யாருங்க நம்புவாங்க? மூக்கு இல்லாம ஒருத்தரு டீமேக்கர் வேலை பாக்குறாருன்னு சொன்னா என்னையத்தான் சிரிப்பாங்க. அது ஐயா வாயிலருந்து வரணும். இந்தா சொல்லிருவாரு, இந்தா சொல்லிருவாருன்னு அன்னைக்கு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னை மன்னிச்சிரு தெய்வானை."

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லி என்னங்கையா ஆகப் போகுது?" என்றவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அடி கௌசி, இங்க வா. இவகிட்டச் சொல்லுங்க. சண்டை வந்தா இவளே என்னைய தூங்குமூஞ்சின்னுதான் சொல்றா."

அன்றைக்குக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த மகள். இப்போது இருபது வயது, கண்டியில் ஒரு கடையில் வேலை. தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். நான் சொன்னேன். உங்க அம்மா தூங்கல. உன்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனா. நான்தான் போகச் சொன்னேன். போகச் சொல்லலைன்னு பொய் சொன்னதும் நான்தான்.

"என்ன சொல்றாரு? ஒண்ணும் கேக்கலம்மா" என்றாள் அந்தப் பெண்.

இந்த நோய் குரலையும் அமுக்கிவிடும். நான் சாதாரணமாகப் பேசுவதாக நினைப்பேன், எதிரில் இருப்பவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கும். கத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசினால்தான் வெளியே வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூச்சை இழுத்துக் கத்தினேன். பக்கத்துக் காம்பராக்களில் கதவு திறந்தது. துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்ப் பீலியடியில் நிமிர்ந்தார்கள். "தெய்வானை தூங்கல! பொய் சொன்னது நான்!" என்று என் காதிலேயே விழுந்தது. கௌசி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். போதும் என்று தெய்வானை சொல்வாள், தண்ணீர் கொண்டுவரச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் லயத்தின் அந்தக் கோடியைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்கையா. கடைசிக் காம்பராவுக்குக் கேட்டிருக்காது."

ஜசிந்தா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். நான் அந்தப் பக்கம் திரும்பி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.